பொழுதுபட எரிய வேண்டிய லாம்ப் இரவு பத்தே காலுக்கு எரிகிறது: வைஃபை பிளக் பழுதா?

வெள்ளவத்தை பென்ஷன்காரர்

வணக்கம். விடுமுறைக்கு வந்த மகன் லண்டனிலிருந்து நாலு வைஃபை பிளக் (போன் ஆப்பில் நேரம் வைத்தால் தானாக ஓன், ஓஃப் ஆகும் பிளக்) கொண்டுவந்தான். எயர்போர்ட்டுக்கு வான் வர முந்தி, அந்தரப்பட்டுக்கொண்டு தன்னுடைய போனிலேயே மூன்றைச் செட் பண்ணிவிட்டுப் போய்விட்டான். எங்கள் ஹோலில் இருப்பதும் 13 ஆம்பியர் சதுர பின் என்பதால் அப்படியே பொருந்திவிட்டது. ஒன்றில் ஸ்டாண்ட் லாம்ப், ஒன்றில் சாமித்தட்டு விளக்கு, மற்றதில் நுளம்பு மெஷின்.

"பொழுதுபட்டதும் தானாக எரியும் அப்பா" என்றான். பொழுதுபட்டு, செய்தி பார்த்து, சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் எரிகிறது! போன கிழமை பத்து மணி தாண்டி எரிந்தது, இப்போது பத்தே காலுக்கு. ஒவ்வொரு நாளும் ஒன்றரை நிமிடம் போலப் பிந்துகிறது. கையால் பட்டனை அமத்தினால் ஒழுங்காக எரிகிறது, அணைகிறது. ரவுட்டரிலும் பச்சை லைட்தான். மனைவி இதைத் திருப்பிப் பார்சல் பண்ணச் சொல்கிறா. பிளக்கில் பழுதா?

இன்னொன்று. நாலாவது பிளக் பெட்டியிலேயே கிடக்கிறது. அதைக் குசினியில் கேத்திலுக்குப் போட்டு, காலை ஐந்து மணிக்குத் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி தயாராக வைக்கலாமா?

தெஹிவளைத் தம்பி

ஐயா, பார்சல் பண்ண வேண்டாம். பிளக் சொன்ன வேலையைத்தான் செய்கிறது. லண்டனில் பொழுதுபடும்போது உங்கள் வீட்டில் லைட் போடுகிறது.

ஆப்பில் 'வீடு' என்று ஒன்று இருக்கும். அதற்கு ஓர் இடம் குறித்திருக்கும். பொழுதுபடும் நேரத்தை அந்த இடத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். உங்கள் மகன் தன்னுடைய லண்டன் வீட்டுக்குள்ளேயே உங்கள் பிளக்குகளையும் சேர்த்திருக்கிறார். தை மாதக் கடைசியில் அங்கே பின்னேரம் நாலே முக்காலுக்கே இருட்டத் தொடங்கிவிடும். பனிக்காலத்தில் அவர்கள் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். கூட்டிப் பாருங்கள், பத்தே கால். நாளுக்கு ஒன்றரை நிமிடம் பிந்துகிறது என்று எழுதினீர்களே, அதை வைத்துத்தான் பிடித்தேன். மணிக்கூடு பிழை என்றால் ஒரே அளவில் பிழையாக நிற்கும், இப்படி நகராது. அங்கே பகல் நீள நீள உங்கள் லாம்பும் பிந்தும். ஜூன் வரை விட்டால் சாமம் இரண்டு மணிக்குக் கிட்ட எரியும்.

மகனிடம் இடத்தைக் கொழும்பு என்று மாற்றச் சொன்னால் அவருடைய லண்டன் லைட்கள் குழம்பும். அதனால் அந்த மூன்றையும் தன் ஆப்பிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் போனில் ஆப் போட்டு, உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, பிளக்கின் பட்டனை ஐந்தாறு விநாடி அமத்திப் பிடியுங்கள். லைட் கடகடவென்று மினுக்கும்போது புதிதாகச் சேர்க்கலாம். அவர் கணக்கிலிருந்து பகிர்வதும் ஒரு வழிதான், ஆனால் வேறு வேறு நாட்டில் திறந்த கணக்குகளுக்கிடையில் அது பல நேரம் சரிவராது.

சேர்க்கும்போது ஒரு இடத்தில் மாட்டுப்படுவீர்கள். இந்த வகைப் பிளக்குகளில் அநேகமானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். ஃபைபர் ரவுட்டர்களில் 2.4, 5 இரண்டும் ஒரே பெயரில் ஓடுவதுண்டு. பிளக் பிடிபடவில்லையென்றால் ரவுட்டர் செட்டிங்கில் 5ஐக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். சேர்ந்த பிறகு திரும்பப் போடலாம்.

அப்புறம், பொழுதுபடும் கணக்கே நமக்கு எதற்கு? கொழும்பில் வருடம் முழுக்க அது ஐந்து ஐம்பதுக்கும் ஆறரைக்கும் இடையில்தான். ஆறே கால் என்று நேரடியாகப் போட்டுவிட்டு இருங்கள்.

கொட்டாஞ்சேனை வயர்மன்

கேத்தில் விஷயம் நான் சொல்கிறேன். முதலில் பிளக்கின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் உள்ளதை நம்ப வேண்டாம். சதுர பின் பிளக்குக்கு 16 ஆம்பியர் என்று எழுதி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிளக்குக்குள் இருக்கிற ஃபியூஸே 13தான், பிறகெங்கே 16? 10 ஆம்பியர் என்று இருந்தால் 230ஆல் பெருக்குங்கள், 2300 வாட். 2200 வாட் கேத்திலை அதில் போட்டால் ஒவ்வொரு காலையும் விளிம்பில்தான் ஓடும். 13 என்றால் 2990 வாட், அது பரவாயில்லை.

ஆனால் கேத்தில் தானாகக் கொதிக்க வேண்டுமென்றால் இரவே தண்ணீர் நிரப்பி, அதன் சுவிட்சை அமத்தி வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். டச் பட்டன் கேத்தில் என்றால் கரண்ட் வந்தாலும் சும்மா நிற்கும். நான் என்றால் எழும்பி வந்து கையால் போடுவேன்.

அயன், ஏசி, தண்ணி மோட்டர் எதற்கும் இது வேண்டாம். மோட்டர் எடுபடும்போது ஓடுவதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். உள்ளே கரண்டைப் போட்டு நிறுத்துகிற சின்ன சுவிட்சான ரிலே ஒட்டிப் போகும். ஆப்பில் ஓஃப் என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு கொன்டக்டர், அதாவது மோட்டர் இழுக்கும் கரண்டைத் தாங்குகிற பெரிய சுவிட்ச், போட வேண்டும், அது வயர்மன் வேலை.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் என்றால் இன்னொரு விஷயம். உப்புக் காத்தில் பிளக் பேஸுக்குள் இருக்கிற பித்தளை பச்சை பிடித்து, பிடி தளர்ந்துவிடும். அதில் எந்தப் பிளக்கைக் குத்தினாலும் சுடும். லாம்ப் அரை மணித்தியாலம் எரிந்த பிறகு தொட்டுப் பாருங்கள். லாம்புக்கே சுட்டால், அல்லது பேஸ் மூடியில் மண்ணிறம் ஏறியிருந்தால், பேஸை மாற்றுங்கள். அறைகளில் பழைய உருண்டை ஓட்டை 5 ஆம்பியர் பேஸ் இருந்தால் அதற்கு மேல் அடப்டர் வைத்து, அதற்கு மேல் இதை வைத்து, கோபுரம் கட்ட வேண்டாம்.

பம்பலப்பிட்டி அக்கா

கரண்ட் போய் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். 2022இல் 13 மணித்தியாலம் வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கப் போனது. நமக்கு இது தேவையான விஷயம். ஒவ்வொரு பிளக்குக்கும், கரண்ட் திரும்பினால் ஓன், ஓஃப், முந்தி இருந்த நிலை என்று மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். நுளம்பு மெஷினுக்கு முந்தி இருந்த நிலை. கேத்தில் போட்டே தீருவேன் என்றால் அதற்கு ஓஃப்.

பிளக்குக்குள் மணிக்கூட்டுக்குப் பற்றரி கிடையாது. ரவுட்டர் எழும்பி இணையம் வந்த பிறகுதான் அதற்கு நேரம் தெரியும். ஆறு பத்துக்குக் கரண்ட் வந்து, ரவுட்டர் பிந்தினால், அன்றைக்கு ஆறே கால் தவறிப் போகலாம். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் பற்றரியில் ஓட வைக்கும் பெட்டி) வைத்தால் தீர்ந்தது.

வெள்ளவத்தை பென்ஷன்காரர்

தம்பிக்கு நன்றி. மகன் நீக்கிவிட்டான், 5ஐ நிறுத்திய பிறகுதான் சேர்ந்தது. நேற்று ஆறே காலுக்கு எரிந்தது. மனைவி பார்சல் பேச்சை விட்டுவிட்டா, ஆனால் கேத்திலைத் தொடக் கூடாதாம்.

வயர்மன் சொன்னபடி தொட்டுப் பார்த்தேன். லாம்ப் பிளக் குளிர்ந்துதான் இருக்கிறது, சாமித்தட்டுப் பக்கத்துப் பேஸ் இளஞ்சூடு, பின்னைக் குத்தினால் ஆடுகிறது. பேஸ் நல்லதாக எங்கே வாங்கலாம்?

கொட்டாஞ்சேனை வயர்மன்

அந்தப் பேஸை இன்றைக்கே பாவிக்காமல் விடுங்கள் ஐயா. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கலாம். கையில் தூக்கிப் பார்த்துப் பாரமானதை, சுவிட்ச் உள்ளதாக எடுங்கள். மாற்றும்போது மெயினை ஓஃப் பண்ணி, வயர் நுனி கறுத்திருந்தால் வெட்டிப் புதிதாகச் சீவிப் பூட்டச் சொல்லுங்கள்.