ஆச்சி வீட்டுக் குழு: பெரியப்பாவுக்கு எண்பது

டெல்லி அண்ணன்: அப்பாவின் சதாபிஷேகம் திருக்கடையூரிலா, வீட்டிலேயா? இன்றைக்கு முடிவு தெரிந்தால்தான் டிக்கெட் போட முடியும்.

பாளைச் சித்தப்பா: திருக்கடையூர்தான். இதில் பேச என்ன இருக்கு.

தென்காசி அத்தை: மைனிக்கு முட்டுவலி. அவ்வளவு தூரம் எப்படி?

பெரியப்பா: ஹோமம் எங்கே நடந்தாலும் சரி. விமானப்படையில் நான் வேலை பார்த்த டகோட்டா விமானம் பறப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

டெல்லி அண்ணன்: இங்கே டெல்லியில் பாலம் விமானப்படை மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறேன் அப்பா. கிட்ட நின்றே பழைய விமானங்களைப் பார்க்கலாம்.

பெரியப்பா: நிற்கிறதைப் பார்க்கவா டெல்லிக்கு வரணும்?

தென்காசி அத்தை: 2024-இல் விமானப்படைக் காட்சிக்கு மெரினாவுக்கே கூட்டிப் போயிருக்கலாம். டகோட்டாவும் ஹார்வர்டும் வந்துச்சே. அண்ணாச்சி டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாங்க.

டெல்லி அண்ணன்: அன்றைக்கு 5 பேர் இறந்தாங்க அத்தை. அந்த வெயிலில் இவரை எப்படி நிறுத்துவேன்?

வள்ளி: பழைய விமானத்தைப் பறக்கவிடுவதே சரியா பெரியப்பா? 2022-இல் டல்லாஸில் பி-17உம் கிங்கோப்ராவும் மோதி 6 பேர் இறந்தாங்க. 2024 மே மாதம் ஸ்பிட்ஃபயர் விழுந்து பைலட் போனார். மிச்சம் இருப்பதே கொஞ்சம்.

பாளைச் சித்தப்பா: அதானே.

பெரியப்பா: எம்மா வள்ளி, எல்லா விமானமும் ஒன்றில்லை. 1933-இல் நம்ம விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது வாப்பிட்டி விமானங்களோடு. உலகத்திலேயே மிஞ்சிய ஒரே வாப்பிட்டி அந்தப் பாலம் மியூசியத்தில் நிற்கிறது. அதைப் பறக்கவிடச் சொன்னால் நானே குறுக்கே நிற்பேன். பறக்கிற நிலையில் இருந்த ஒரே மஸ்கிட்டோ விமானத்தை 1996-இல் இங்கிலாந்தில் கண்காட்சியில் பறக்கவிட்டு இழந்தார்கள், கூடவே 2 உயிரும். டகோட்டா அப்படியா? பத்தாயிரத்துக்கு மேல் செய்தார்கள். இப்போது டெல்லி பக்கத்தில் ஹிண்டன் விமானத்தளத்தில் இருக்கிற பரசுராமா என்ற டகோட்டா 2018-இல் இங்கிலாந்திலிருந்து பறந்தேதான் வந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் சிப்பாய்களை இறக்கிய டகோட்டாவின் விபி905 என்ற எண்ணை அதற்குப் போட்டிருக்கிறார்கள்.

தென்காசி அத்தை: மாத்திரை போட்டாச்சா அண்ணாச்சி?

பெரியப்பா: போட்டாச்சு. இன்னும் முடிக்கலை. டகோட்டா எஞ்சின் வட்டமாக 14 சிலிண்டர். சும்மா நின்றால் எண்ணெய் இறங்கிக் கீழ்ச் சிலிண்டரில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் முதலில் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுவோம். எங்கேயாவது இறுக்கினால் தள்ளவே கூடாது. கீழ்ச் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்கணும். அந்த இறுக்கம் கைக்குத்தான் தெரியும், புத்தகத்தில் வராது. அசாமில் ஜோர்ஹாட்டில் ஒரு சர்தார் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். விமானம் நின்றுபோனால் அந்த வேலையும் எங்களோடு போய்விடும்.

வள்ளி: தரையில் ஓட்டலாமே? இங்கிலாந்தில் ஈஸ்ட் கிர்க்பியில் ஜஸ்ட் ஜேன் என்ற லங்காஸ்டர் விமானத்தை 4 எஞ்சினோடு உருட்டிக் காட்டுறாங்க. மேலே தூக்குறதில்லை.

பெரியப்பா: அதுவும் நல்லதுதான். ஆனால் அதையும் பறக்கவைக்கத்தானே பல வருடமாக வேலை நடக்கிறது.

தென்காசி அத்தை: நெல்லையப்பர் தேர் வடம்கூட 2024-இல் அறுந்துச்சு. தேரை நிறுத்திட்டோமா?

வள்ளி: தேர் மேலேயிருந்து விழாதே அத்தை.

பெரியப்பா: பிள்ளை சொல்வது நியாயம். 2015-இல் இங்கிலாந்தில் ஷோர்ஹாமில் கரணம் போட்ட ஹன்டர் விமானம் ரோட்டில் விழுந்தது. இறந்த 11 பேரும் கீழே இருந்தவர்கள். பழைய விமானத்துக்குக் கரணம் வேண்டாம், கூட்டத்துக்கு மேலேயும் வேண்டாம். நேராக, கடல் பக்கமாகப் போகட்டும்.

பாளைச் சித்தப்பா: தேர் என்றதும் ஞாபகம் வந்தது. ரதவீதிக் கடை வாடகையில் என் பங்கு இன்னும் வரலை.

டெல்லி அண்ணன்: அதை இங்கே வேண்டாம் சித்தப்பா.

பாளைச் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வள்ளி: பெரியப்பா, அந்த எஞ்சின் வேலையை ஒழுங்காகச் சொல்லுங்க, வீடியோ எடுத்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

பெரியப்பா: காலையிலேயே வா. என் பழைய நோட்டும் இருக்கு.

டெல்லி அண்ணன்: ஹிண்டன் பக்கம் விசாரிக்கிறேன் அப்பா. கூட்டம் இல்லாத இடம் கிடைத்தால் பார்ப்போம்.

தென்காசி அத்தை: அப்போ ஹோமம் வீட்டில்தானே? சமையலுக்குச் சொல்லணும்.

பாளைச் சித்தப்பா: யார் சொன்னது வீட்டில்னு?