இணையத்தில் இறக்கிய உடல்நலப் பாடத்திட்டங்கள்: உங்களை இன்னும் உறுத்துவது எது? (மலேசியா, சுங்கை சிப்புட் வட்டாரப் பாலர் வகுப்புகள்)

செம்பனை_ஓரம்

மிளகுத்தூள் பாடத்தைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாராவது திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தட்டில் தண்ணீர், மேலே மிளகுத்தூள், விரல் நுனியில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சவர்க்காரம். தொட்டதும் தூள் விளிம்புக்கு ஓடும். "கிருமி பயந்து ஓடுகிறது பாருங்கள்" என்று சொல்லச் சொல்லித் திட்டத்தில் எழுதியிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த சாப்பாட்டு நேரம்தான் உறுத்துகிறது. கை கழுவப் போன பையன் விரல் நுனியால் சவர்க்காரத்தைத் தொட்டான், அவ்வளவுதான். குழாயைத் திறக்கவே இல்லை. "கிருமி ஓடிருச்சு டீச்சர்." பாடம் சொன்னதை அப்படியே செய்திருக்கிறான், அவனை என்ன சொல்வது?

ஓடுவது கிருமி இல்லை. சவர்க்காரம் பட்ட இடத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைகிறது, சுற்றியுள்ள தண்ணீர் வெளிப்பக்கம் இழுக்கிறது, மிதக்கும் தூளும் கூடவே போகிறது. கையில் நடக்கும் வேலை வேறு. சவர்க்காரம் எண்ணெய்ப்பசையைப் பிரிக்கும், தேய்ப்பது அழுக்கைக் கிளப்பும், ஓடும் தண்ணீர் அதைக் கொண்டுபோகும். தேய்ப்பும் தண்ணீர் ஓட்டமும் அந்தத் தட்டில் எங்கே இருக்கிறது?

இதற்கு மாற்று உண்டு. அரை டீஸ்பூன் சமையல் எண்ணெயைக் கையில் தடவி, மேலே ஒரு சிட்டிகை கோக்கோத் தூள் தூவுங்கள். ஒரு பிள்ளை வெறும் தண்ணீரில் கழுவட்டும், ஒரு பிள்ளை சவர்க்காரம் போட்டு 5 விநாடி, இன்னொரு பிள்ளை 20 விநாடி. மூவர் கையையும் வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பலகையில் ஒட்டினால் போதும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரலும் நகக்கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம். அது தோலில் சாயமாகப் பிடிக்கும், ஒழுங்காகக் கழுவிய பிள்ளையும் மஞ்சள் கையோடு நிற்கும். ஜிகினாத் தூளும் வேண்டாம், கண்ணுக்குள் போகும்.

பல்தாதி

முட்டை. வேறென்ன?

வினிகரில் ஒரு நாள் ஊறிய முட்டை ஓடு கரைந்து ரப்பர் பந்து மாதிரி வெளியே வருகிறது. "இனிப்பு தின்றால் பல் இப்படித்தான் ஆகும்" என்கிறது திட்டம். முன்வரிசையில் ஆறு வயதுப் பெண் பிள்ளை கேட்டது: "மிட்டாயே போடலையே? அப்ப ஊறுகாய்தான் சாப்பிடக்கூடாதா?"

அவள் கேட்டது சரி. ஓடு கால்சியம் கார்பனேட், பல்லின் மேற்பூச்சு கால்சியம் பாஸ்பேட் வகை. அமிலம் இரண்டையும் கரைக்கும், ஆனால் ஒரே வேகத்தில் இல்லை. சொத்தைக்கு வேண்டிய இரண்டு ஆட்கள் அந்தக் கிண்ணத்தில் இல்லவே இல்லை: சர்க்கரையும், சர்க்கரையைத் தின்று அமிலம் விடும் பாக்டீரியாவும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே பெரிது என்ற விஷயமும் விட்டுப்போகிறது. காலைச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் மைலோ குடிக்கும் பிள்ளையைவிட, அதே மைலோவைப் புட்டியில் வைத்து மதியம் வரை உறிஞ்சும் பிள்ளையின் பல் சீக்கிரம் போகும்.

அந்தத் திட்டத்தின் இரண்டாம் பக்கப் படத்தைப் பார்த்தீர்களா? பிரஷ் முழுக்க அலை அலையாகப் பற்பசை. 3 வயதுக்குக் கீழே அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு, புளோரைடு குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு). துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைடும் போய்விடும். வகுப்பில் கூட்டமாகத் துலக்கும்போது பற்பசைக் குழாயை ஒவ்வொரு பிரஷிலும் தேய்க்காதீர்கள். காகிதக் கிண்ணத்தின் விளிம்பில் ஆளுக்கு ஒரு பொட்டு பிழிந்துவிட்டால் பிள்ளையே பிரஷால் எடுத்துக்கொள்ளும். பிரஷ்கள் ஒன்றையொன்று தொடாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும், மூடி போட்டால் ஈரம் காயாது.

மூன்றாம்_டிவிஷன்

செம்பனை டீச்சர், மிளகைத் தூக்கிப் போடச் சொல்வது அநியாயம். கவனத்தை இழுக்க அதைவிட மலிவான சாமான் ஏது? தட்டைக் காட்டுங்கள், "கிருமி பயந்துவிட்டது" என்ற வரியை மட்டும் வெட்டுங்கள்.

என் சண்டை நேரக்கணக்கோடு. "எல்லாரும் கை கழுவுவர், 5 நிமிடம்" என்று ஒரு திட்டம். படத்தில் நாலு தொட்டி, சுடுதண்ணீர். நம் பாலர் வகுப்பில் 25 பேர், ஒரு குழாய், ஆசிரியர் ஒருவர், பிபிஎம் என்கிற வகுப்பு உதவியாளர் ஒருவர். ஆளுக்கு 40 விநாடி என்றாலே 1000 விநாடி, ஏறக்குறைய 17 நிமிடம். வரிசையில் கடைசி ஆள் அதற்குள் சுவரில் ஏறிவிடுவான்.

குழாய் தேவைப்படுவது நனைக்கவும் அலசவும்தான். நனைக்க 5 விநாடி, அலச 10. தேய்க்கும் 20 விநாடியைக் குழாய்க்கு வெளியே, பிபிஎம் நிற்கும் இடத்தில் வையுங்கள். 25 பேருக்கும் குழாய் நேரம் 375 விநாடி, ஆறே கால் நிமிடம். தண்ணீர் வராத நாளுக்கு 5 லிட்டர் சமையல் எண்ணெய்ப் புட்டியில் அடிப்பக்கம் ஆணியால் ஒரு துளை. மூடியைத் தளர்த்தினால் தண்ணீர் வரும், இறுக்கினால் நிற்கும். தாரை மெலிதாக இருக்கட்டும், ஆளுக்கு 200 மில்லி கணக்கில் ஒரு புட்டி ஒரு வகுப்புக்கு வரும்.

இருபது வரை எண்ணச் சொல்லும் திட்டத்தையும் நம்பாதீர்கள். பசியில் இருக்கும் பிள்ளை இருபதை எட்டு விநாடியில் எண்ணிவிடும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நுனி என்று ஐந்து இடம், இடத்துக்கு நாலு தேய்ப்பு. அதை ஏமாற்ற முடியாது.

காண்டீன்_மூலை

"நல்ல உணவு, கெட்ட உணவு" கூடைகள். பச்சைக் கூடையில் சிரிக்கும் முகம், சிவப்பில் அழும் முகம். படங்களை எல்லாம் பிரித்து முடித்ததும் "இன்று நீ கொண்டுவந்ததை எந்தக் கூடையில் வைப்பாய்?" என்று கேட்கச் சொல்கிறது திட்டம். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கொண்டுவந்த பிள்ளை சிவப்பைக் காட்டிவிட்டு, இடைவேளையில் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. விடியற்காலை ரப்பர் பால்மரம் வெட்டப் போகும் முன் அம்மா வாங்கிக் கொடுத்தது.

அந்தக் கேள்வி எந்தத் திட்டத்தில் இருந்தாலும் அடித்துவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவதில்லை.

அதில் இருந்த உணவுக் கூம்பகமும் பழையது. அடியில் ரொட்டி, சோறு, 6 முதல் 11 பங்கு, அமெரிக்காவில் 1992-இல் வந்தது. அவர்களே 2005-இல் அதை மாற்றி, 2011-இல் தட்டுக்குப் போய்விட்டார்கள். நம் நாட்டு 2020 கூம்பகத்தில் அடித்தட்டு காய்கறியும் பழமும். சின்னப் பிள்ளைக்குக் கூம்பகமே வேண்டாம், கால்-கால்-அரை தட்டு போதும்: கால் தட்டு சோறு வகை, கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு, அரைத் தட்டு காயும் பழமும். மங்குத் தட்டில் நூல் ஒட்டிப் பிரித்தால் விரலால் தொட்டே கண்டுபிடிப்பார்கள். பிறகு நாசி லெமாக்கை அதில் வைத்து "எந்த இடம் காலியாக இருக்கிறது?" என்று கேளுங்கள். வெள்ளரி இரண்டு துண்டுதான் அரைத் தட்டில் கிடக்கும். இன்னும் என்ன போடலாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

அமெரிக்கத் திட்டத்தை அப்படியே எடுப்பவர்கள் உருளைக்கிழங்கைப் பாருங்கள். அங்கே அது காய்கறி, இங்கே சோற்றோடு சேரும். அட்டையை மாற்றாமல் விட்டால், கிழங்குப் பிரட்டலும் சோறும் நிறைந்த தட்டுக்கு முழு மதிப்பெண் விழும்.

ருசி பார்க்கும் நடவடிக்கை இருந்தால் திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். லோங்கான், ரம்புத்தான் என்றால் கொட்டை எடுத்து வெட்ட வேண்டும். முழுக் கச்சான் (நிலக்கடலை) கூடாது. ஒவ்வாமை யாருக்கு என்று முதல் நாளே வீட்டில் கேட்டுவிட வேண்டும்.

பால்மங்கு

சுருக்கமாக. "அவசர உதவி" பாடம், காகிதத் தொலைபேசி செய்து 911 அழுத்தும் பயிற்சி. பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இங்கே 999. இறக்கும் எந்தத் திட்டத்திலும் முதலில் எண்களைத் தேடிப் பாருங்கள்.

அதே தொகுப்பில் பனிக்காலச் சளிக்கு நாலு பாடம், கொசுவுக்கு ஒன்றுகூட இல்லை. தோட்டத்தில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு எங்கே முட்டை வைக்கும் என்று நமக்குத் தெரியும்: கவிழ்க்காத பால்மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்), தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள், அதனால் வாரம் ஒரு முறை, 10 நிமிடத் தேடல். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்ப்பது பெரியவர் வேலை. பிள்ளைகள் கண்டுபிடித்து, வரைபடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டட்டும். அடுத்த வாரம் அதே பொட்டில் மறுபடி தண்ணீர் நின்றால், அது மண்டோரிடம் (தோட்டக் கங்காணியிடம்) போகவேண்டிய சேதி.

லயத்து_வாசல்

யாரும் தொடாததை நான் சொல்கிறேன். "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" வண்ணத்தாள். வலித்தால், பிடிக்காவிட்டால் கெட்டது என்று விளக்கம். ஒரு பிள்ளை ஊசி போடும் தாதிக்குச் சிவப்பு அடித்தது, மிட்டாய் கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் மாமாவுக்குப் பச்சை. தாள் கேட்டபடி பார்த்தால் விடை இரண்டும் சரி. பயமே அங்கேதான்.

உணர்வை வைத்துப் பிரிக்கும் திட்டம் வேண்டாம், விதியை வைத்துப் பிரிப்பதை எடுங்கள். உள்ளாடை மூடும் இடம் உன்னுடையது. கழுவிவிடவோ மருத்துவம் பார்க்கவோ மட்டும் பெரியவர் தொடலாம், அப்போது நீ நம்பும் இன்னொருவரும் கூட இருப்பார். யார் தொட்டாலும், "சொல்லாதே" என்றாலும், சொல். உறுப்புகளுக்குச் செல்லப்பெயர் வைத்திருக்கும் திட்டத்தையும் தள்ளிவிடுங்கள். பிள்ளை பிறகு சொல்லும்போது கேட்பவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது. "அந்நியரிடம் ஜாக்கிரதை" என்று மட்டும் சொல்வது போதாது, இது பெரும்பாலும் தெரிந்தவர்களால் நடக்கிறது. இரகசியத்தையும் ஆச்சரியத்தையும் பிரித்துக் காட்டுங்கள்: பிறந்தநாள் பரிசு ஒருநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும், இரகசியத்துக்கு அப்படி நாள் கிடையாது. சொல்லத்தக்க பெரியவர் மூவரைப் பிள்ளையே விரல் விட்டுச் சொல்லட்டும், மூவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். பெற்றோருக்குப் போகும் தாளில் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999 இருக்கட்டும். பாடத்துக்கு முன்பே அந்தத் தாள் போகட்டும், பிறகு போனால் சண்டைக்கு வருவார்கள்.

ஓய்வு_டீச்சர்

எல்லாரும் பாடம் நடந்த பிறகு கண்டுபிடிக்கிறீர்கள். திட்டத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள், அங்கேதான் மதிப்பீடு இருக்கும். "கை கழுவுவதன் அவசியத்தை உணர்வர்" என்பது நோக்கம், கைப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது மதிப்பீடு. வண்ணம் தீட்டியதில் என்ன தெரியும், கோட்டுக்குள் அடிக்கத் தெரியும் என்பதைத் தவிர? நோக்கத்தில் பார்க்கக்கூடிய வினை வேண்டும்: "ஐந்து இடத்தையும் தேய்த்துக் காட்டுவர்." ஆர்பிஎச் (நாள் பாடத்திட்டம்) எழுதும்போது அதுவே உங்களைக் காப்பாற்றும்.

பிறகு யார் எழுதியது, எந்த ஆண்டு, யார் காசு என்று பாருங்கள். காலைச் சீரியல் விற்பவர் தந்த "சத்தான காலை உணவு" பாடத்தில் தோசைக்கு இடம் இருக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007-இல் ஹெக்காட் என்று ஒரு மதிப்பீட்டுக் கருவி வெளியிட்டது. அது முழுப் பாடத்திட்டத்துக்கு உரியது, ஒற்றைப் பாடத்துக்குப் பெரிது. ஆனாலும் அது கேட்கும் நாலும் இங்கே செல்லும்: தகவல் சரியா, நம் சமூகம் ஏற்குமா, நம்மால் நடத்த முடியுமா, செலவு தாங்குமா. முதல் கேள்வியில் விழுந்தால் மற்ற மூன்றையும் கேட்காதீர்கள். பல்தாதியின் முட்டை அங்கேயே விழுகிறது. மூன்றாம் டிவிஷன் சொன்ன குழாய் மூன்றாவதில் விழுகிறது, அதைச் சரிசெய்யலாம். திருத்தக்கூடிய திட்டம், தூக்கிப்போட வேண்டிய திட்டம் என்று இரண்டு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று வரைபடம் போட்ட ஐம்புலன் பாடம் எல்லாம் இரண்டாவதில் போகட்டும், நாக்கு முழுக்க எல்லாச் சுவையும் தெரியும்.

மூன்றாம்_டிவிஷன்

டீச்சர், அனுபவம் கேட்டால் பயிற்சிப் பட்டறையே நடத்திவிட்டீர்கள். கோப்பு யோசனை நல்லதுதான், எடுத்துக்கொண்டேன்.

கை-கால்-வாய்ப் புண் வந்து பக்கத்து வகுப்பை மூடியிருக்கிறார்கள். இறக்கிய திட்டம் "ஒவ்வொரு மேசையிலும் கைச்சுத்திகரிப்பான்" என்கிறது. போதுமா?

பல்தாதி

போதாது. அதை உண்டாக்கும் என்டரோ வைரஸ் வகைக்குக் கொழுப்புறை கிடையாது, ஆல்கஹால் அதன்மேல் சரியாக வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான். கழிவறைக்குப் பிறகும் சாப்பாட்டுக்கு முன்பும் கட்டாயம், டயப்பர் மாற்றும் ஆயாவுக்கும் சேர்த்து. நோய் தணிந்த பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் போகும், அதனால் பிள்ளை திரும்பி வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

விளையாட்டுச் சாமானை முதலில் சவர்க்காரத்தில் கழுவுங்கள். பிறகு 5 விழுக்காடு குளோராக்ஸ் வகை வெளுப்பான் 20 மில்லி, 1 லிட்டர் தண்ணீரில். 10 நிமிடம் ஊறட்டும், அலசி வெயிலில் காயவையுங்கள். பிள்ளைகள் போன பிறகு, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். வேறு எந்தக் கழுவுநீரோடும் கலக்காதீர்கள். கரைசல் அன்றன்றைக்குப் புதிது, மிச்சத்தைப் புட்டியில் ஊற்றி வைக்க வேண்டாம்.