ஏற்றத்தில் ஜீப்பின் இழுவை திடீரென்று போகிறது: பம்ப்பா, டேங்க்கா?

ஏலத்தோட்டம்:
என்னிடம் இருப்பது 1994 மாடல் மஹிந்திரா எம்எம்540 ஜீப், பெஜோ வடிவமைப்பில் வந்த 2112 சிசி டீசல் எஞ்சின், டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புவது ரோட்டரி பம்ப். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போது ஏழெட்டு கொண்டை ஊசி வளைவுகள்வரை ஒழுங்காக இழுக்கும் வண்டி, அதன்பின் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் இரண்டாவது கியரில்கூட ஏற மறுக்கிறது. பத்து நிமிடம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டேன். பம்ப்பைக் கழற்றி ஓவராய்லுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பம்ப்பட்டறை:
மெக்கானிக் சொல்வது சரிதான். பம்ப்பினுள் சுழலும் ரோட்டருக்கும் அதைச் சுற்றியுள்ள ஹெட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் இடைவெளி உண்டு. அது தேய்ந்துவிட்டால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் இடுக்கு வழியாகப் பின்னால் கசிந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போக வேண்டிய அளவு போகாது. சூடேறினால் படுத்துவிடுவதும் ஆறினால் எழுந்துகொள்வதும் தேய்ந்த பம்ப்பின் குணம்.

நாலுசக்கரம்:
குணம் உண்மை, ஆனால் பத்து நிமிடம் என்ற கணக்கு இடிக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் விசிறியும் டீசல் ஓட்டமும் நின்றுவிடுவதால், பிளாக்கின் சூடு பம்ப்பில் ஏறி முதலில் அது இன்னும் கொதிக்கவே செய்யும். மாறாக, டேங்க்கின் உறிஞ்சு குழாய் வாயில் குப்பை ஒட்டியிருந்தால், உறிஞ்சுவது நின்றதும் அது தானாக விலகிவிடும். புகை என்ன நிறம்? சூடாக இருக்கும்போது அணைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறதா?

ஏலத்தோட்டம்:
புகையே இல்லை, ஐயா. சூட்டிலும் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்குமோ என்று டேங்க் மூடியையும் திறந்து பார்த்தேன். காற்று இழுக்கும் சத்தம் வரவில்லை.

மலைச்சாலை:
நின்ற உடனே நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டாலும் வண்டி இப்படித்தான் மடங்கும்.

ஏலத்தோட்டம்:
பார்த்துவிட்டேன், நான்கும் ஒரே சூடுதான்.

நாலுசக்கரம்:
காற்று குறைந்திருந்தால் கரும்புகை கக்கியிருக்கும்; புகை இல்லாததால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை என்பது உறுதி. தேய்ந்த பம்ப்பாக இருந்தால் சூட்டில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும்.

பம்ப்பட்டறை:
டீசல் போதவில்லை என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதே கேள்வி. நாசிலும் கம்ப்ரஷனும் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படுவதும்) நன்றாக இருந்தால் தேய்ந்த பம்ப்பிலும் ஸ்டார்ட் ஆவதுண்டு. வண்டி படுத்ததும் ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போடுங்கள். இழுவை திரும்பினால் பம்ப்தான்.

நாலுசக்கரம்:
துணி போதும், குளிர்ந்த நீரை நேராக ஊற்றினால் ரோட்டர் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதற்கு முன், ஐந்து லிட்டர் டீசல் கேனைச் சைலன்சர் சூடு படாத இடத்தில் கட்டி, ஃபில்டருக்கு வரும் ஹோஸையும் மிஞ்சும் டீசல் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதில் விட்டு, டேங்க்கைத் தொடாமல் ஒருமுறை மலையேறிப் பாருங்கள். பம்ப்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு சாணும் போட்டால், எங்காவது காற்று எடுத்தால் குமிழியாகத் தெரிந்துவிடும்.

ஏலத்தோட்டம்:
ஞாயிற்றுக்கிழமை கேனோடு போனேன். பதினேழு வளைவும் ஏறியது, குமிழி ஒன்றுகூட இல்லை. பிறகு டேங்க்கின் உறிஞ்சு குழாயைக் கழற்றினேன். முன்பு ஒரு கசிவை அடைக்க டேங்க்கின் உள்ளே பூசியிருந்த பூச்சு செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கட்டைவிரல் நகமளவு செதில் ஒன்றில் குழாய் வாயின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது.

நாலுசக்கரம்:
மீதிப் பூச்சையும் முழுதாக எடுத்துவிடுங்கள். ஒட்டியிருப்பது அடுத்த மாதம் உரியும்.

பம்ப்பட்டறை:
டேங்க் குற்றவாளி என்பதை ஏற்கிறேன். பம்ப்பை விடுவிக்க இன்னும் மனமில்லை. கேனை எந்த உயரத்தில் கட்டினீர்கள்? பம்ப்புக்கு மேலே என்றால் டீசல் தானாக இறங்கியிருக்கும், உறிஞ்சும் வேலையே பம்ப்புக்கு இருந்திருக்காது. அதன் பலவீனம் அந்தச் சோதனையில் வெளிப்பட வழியில்லை.

ஏலத்தோட்டம்:
பம்ப்புக்கு மேலேதான் கட்டினேன். டேங்க்கைக் கழுவி மாட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆறு மூட்டைச் சுமையோடு ஏறுகிறேன், ஈரத்துணியும் கையில் இருக்கும்.