அந்தமான் ஸ்நார்க்லிங்: மாஸ்க்கில் தண்ணீர் கசிகிறது, கண்ணாடியும் போட முடியாது, என்ன செய்வது?

அல்சூர்க்காரன்:
வணக்கம். ஜனவரிக் கடைசியில் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், மாமியார். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஹேவ்லாக், நீல் இரண்டு தீவுகளிலும் தங்குகிறோம். இந்தப் பயணமே ஸ்நார்க்லிங் செய்து, அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு நீர்மட்டத்தில் மிதந்தபடி, பவளப்பாறையைப் பார்ப்பதற்குத்தான்.

எனக்குக் கிட்டப்பார்வை. வலது கண் மைனஸ் 4.5, கூடவே சிலிண்டர் (பார்வை சிதறலுக்கான பவர்) மைனஸ் 1; இடது கண் மைனஸ் 4. மாஸ்க் ஒன்று வாங்கி அல்சூர் ஏரிப் பக்கத்து நீச்சல் குளத்தில் போட்டுப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. பட்டையை இறுக்கினால் இன்னும் மோசம். உள்பக்கம் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. கான்டாக்ட் லென்ஸ் போட்டு இறங்கலாமா? மகளுக்கு முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வாங்கலாம் என்கிறார் மனைவி. மாமியாருக்கு நீச்சல் தெரியாது. ஆசை மட்டும் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம்.

நீர்க்காகம்:
முதலில் ஒரு கேள்வி. மீசை உண்டா?

அல்சூர்க்காரன்:
உண்டு. அடர்த்தியான மீசை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நீர்க்காகம்:
எல்லாச் சம்பந்தமும் அங்கேதான். மாஸ்க்கின் சிலிகான் விளிம்பு தோலில் நேராகப் படிந்தால்தான் தண்ணீரை அடைக்கும். நடுவில் முடி இருந்தால் ஒவ்வொரு இழையும் ஒரு வாய்க்கால். பட்டையை இறுக்கும்போது விளிம்பு மடங்கிச் சுருங்குகிறது, கசிவு கூடுகிறது. பட்டை மாஸ்க்கை நழுவாமல் பிடிக்க மட்டுமே. அடைப்பது தண்ணீரின் அழுத்தம்.

வீட்டிலேயே சோதியுங்கள். பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்கு ஏற்ற அளவு. நெற்றி முடி, தலைத்துணி எதுவும் விளிம்புக்குள் சிக்கக் கூடாது. மீசையை முழுவதும் எடுக்க வேண்டாம். மூக்குக்கு நேர் கீழே, விளிம்பு படியும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடாக மழித்துவிடுங்கள். அதற்கும் மனம் வரவில்லை என்றால் அந்த இடத்தில் சிலிகான் கிரீஸ் தடவலாம், ஓரளவுக்குத் தாங்கும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் கொஞ்சம் உப்புத்தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

ஆவி படிவது வேறு கதை. புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தடவை. பிறகு ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் எச்சிலைத் துப்பித் தடவி, கடல் நீரில் ஒரு அலசு. அருவருப்பாக இருந்தால் குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டு. நீருக்குள் மூக்கால் மூச்சு விடாதீர்கள். பாதி ஆவி அப்படித்தான் வருகிறது.

கண்ணாடிக் கடை:
கண் பரிசோதகர் நான். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். கடல் நீர், குளத்து நீர், குழாய் நீர் எதுவானாலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி லென்ஸுக்கு அடியில் தங்கிக் கருவிழியைப் பாதிக்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை.

பவர் லென்ஸ் பொருத்தும் மாஸ்க் வாங்குங்கள். இரண்டு கண்களுக்கும் தனித்தனிச் சட்டம் உள்ள மாடலில் வலதுக்கு ஒரு பவர், இடதுக்கு வேறு பவர் போடலாம். பெரும்பாலும் அரை அரையாகக் கூடும் அளவுகளில் கிடைக்கும், சிலிண்டர் இருக்காது. சிலிண்டரில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்: வலது 4.5 உடன் 0.5, ஆக மைனஸ் 5. இடதுக்கு மைனஸ் 4. சரியாக அந்த எண் கிடைக்காவிட்டால் 0.5 குறைத்து வாங்கினாலும் போதும், ஏனென்றால் நீருக்குள் பொருள்கள் உள்ளதைவிடக் கால் பங்கு அருகில் இருப்பதுபோலத் தெரியும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்: படகில் கழற்றி வைக்கிற சாதாரணக் கண்ணாடிக்குக் கெட்டியான பெட்டி வேண்டும். கடற்கரை மணலில் உட்கார்ந்து கண்ணாடி தேடுபவருக்குக் கண் தெரியாது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

போர்ட் பிளேர்ப் பெண்:
பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில், இப்போது பெங்களூர் வைட்ஃபீல்டில். 2024 முதல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்; ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீப், நீல் ஷஹீத் தீப். டிக்கெட்டில் புதுப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

தம்பி, மாஸ்க்கைவிட முக்கியம் கடல் ஏற்ற வற்றம். நீலில் பரத்பூர் கடற்கரையில் வற்றம் இறங்கினால் பவளப்பாறையே வெளியே தெரியும், படகு நகராது. ஏற்றமும் வற்றமும் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும், நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் வற்றம் அதிகம். தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு, தங்கும் இடத்தில் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சூரியன் அங்கே மாலை ஐந்தரைக்குள் விழுந்துவிடும். எனவே காலையிலேயே இறங்குங்கள்.

ஹேவ்லாக்கில் எலிஃபன்ட் பீச்சுக்கு ஜெட்டியிலிருந்து (படகுத்துறை) படகு. டிக்கெட்டோடு தருகிற ஸ்நார்க்லிங் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கூடுதல் நேரத்துக்கான கட்டணத்தைப் படகு ஏறும் முன் பேசுங்கள், தண்ணீரில் நின்று பேரம் எடுபடாது. அங்கே தமிழ் பேசுகிற ஆட்கள் நிறைய, தயங்காமல் கேளுங்கள்.

மகளுக்கு முழுமுக மாஸ்க் வேண்டவே வேண்டாம். வெளிவிட்ட காற்று உள்ளேயே தேங்கி மூச்சு முட்டலாம், தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்ற முடியாது. சாதாரண மாஸ்க், நல்ல லைஃப் ஜாக்கெட், பக்கத்தில் நீங்கள்.

அத்தைக்குப் பரத்பூரில் கண்ணாடித் தளப் படகு உண்டு. அதில் மனம் நிறையாவிட்டால் லைஃப் ஜாக்கெட்டோடு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, வழிகாட்டி இழுத்துப் போக முகத்தை மட்டும் நீரில் வைக்கலாம்.

சதுப்புநிலக் காட்டு ஓடைகள் பக்கம் மட்டும் இறங்காதீர்கள். உப்புநீர் முதலை இருக்கிறது; எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு அல்ல.

தனிவழி:
எல்லோரும் அந்தமான் என்றே ஓடுகிறீர்கள். நீச்சல் தெரியாதவருக்கு லட்சத்தீவுதான் பொருத்தம். பவளத்திட்டு சுற்றி அரண்போல நிற்கும், உள்ளே அலையில்லாத காயல்.

போர்ட் பிளேர்ப் பெண்:
உண்மை. ஆனால் அங்கே நுழைவு அனுமதி வாங்க வேண்டும், இவர் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்.

அல்சூர்க்காரன்:
மீசையில் கோடு போட்டாயிற்று. மகள் சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை. அதே குளத்தில் மறுபடி இறங்கினேன், கசிவு நின்றது. பற்பசை வைத்தியமும் பலித்தது. பவர் மாஸ்க் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு சாதாரண மாஸ்க்தான். சன்ஸ்கிரீன் எது வாங்குவது? மாமியார் வேறு சிப்பி, பவளம் பொறுக்க ஒரு பையே எடுத்து வைத்திருக்கிறார்.

நீர்க்காகம்:
முழுக்கை நீச்சல் சட்டையே போதும், முதுகு வெந்துபோகாது. முகத்துக்குப் பூசினால் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் இல்லாததாகப் பாருங்கள்; பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் இவை உள்ள சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது.

போர்ட் பிளேர்ப் பெண்:
அந்தப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பவளம், செத்து ஒதுங்கிய துண்டானாலும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எடுக்கக் கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். சிப்பி வேலைப்பாடு வேண்டுமென்றால் உரிமம் உள்ள கடையில் வாங்கி, பில்லைப் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்திருக்கட்டும்.