லிக்கோர் க்ரீம் வைத்த மக்கரோன்: மனதை விட்டுப் போகாத ஒரு தடவை (அனுபவப் பகிர்வு)

பாரிஸ்_குசினி

மக்கரோனின் ஓடு (பாதாம் பொடி, வெள்ளைக் கரு, சீனி சேர்த்துச் சுட்ட வட்டம்; இரண்டு ஓட்டுக்கு நடுவில் க்ரீம்), பாதம் (ஓட்டின் அடியில் எழும்பும் சொரசொரப்பான விளிம்பு), மக்கரோனாஜ் (மாவைக் கலக்கும் பக்குவம்) எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பாரிஸுக்கு வெளியே ஒரு பத்திஸ்ரியில் (கேக், இனிப்புக் கடை) வேலை. டிசம்பர் மாதம், திருமண ஆர்டர். ஆரஞ்சுச் சாறு, மஞ்சள் கரு, சீனி சேர்த்துக் காய்ச்சிய க்ரீமில் வெண்ணெய் போட்டு அடித்தாகிவிட்டது. கிராண்ட் மார்னியே (ஆரஞ்சு லிக்கோர், அதாவது இனிப்பு மது) மட்டும்தான் மிச்சம். புதிதாக வந்த பையன் குளிர்பெட்டியில் இருந்த போத்தலை எடுத்து, ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டான்.

க்ரீம் திரிந்தது. வெண்ணெய் குருணை குருணையாகப் பிரிந்து, அடியில் ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் நின்றது. பையனின் முகத்தில் ரத்தமே இல்லை. அத்தனை முட்டை, அத்தனை வெண்ணெய்.

தலைமைச் செஃப் அம்மா திட்டவில்லை. மெஷினை நிறுத்தவும் இல்லை. க்ரெம் ப்ரூலேயின் மேல் சீனியைக் கருக்கப் பிடிக்கிற கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, சுற்றிக்கொண்டிருந்த எவர்சில்வர் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் இரண்டு மூன்று விநாடி காட்டினார். கிண்ணத்தில் கை வைத்துப் பார்த்தார். மறுபடி காட்டினார். அதுவரை சளப் சளப் என்று அடித்துக்கொண்டிருந்த சத்தம் மெல்ல மாறி, கனத்த, அடைத்த சத்தமாக ஆனது. எட்டிப் பார்த்தால் க்ரீம் ஒன்றாகச் சேர்ந்து பளபளவென்று நிற்கிறது. “வெண்ணெய் குளிர்ந்து இறுகினால் தண்ணீரைப் பிடிக்காது, அவ்வளவுதான்” என்று பையனிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அந்தச் சத்தம் மாறிய இடம் மட்டும் காதிலேயே இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

லியோன்_வாசகி

என்னுடையது சமையல் கதை இல்லை, பரவாயில்லையா?

மகளின் பிறந்தநாள். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். குடியை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. அந்த வருஷங்கள் அவருக்கு எப்படிப் போயின என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரோ கடையில் ஒரு பெட்டி மக்கரோன் வாங்கி வந்திருந்தார்கள். பெட்டியின் மேல் “ஆரஞ்சு” என்று மட்டும்தான் எழுதியிருந்தது. பெரியப்பா ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். மூக்கருகில் வைத்தார். “இதில் குவான்த்ரோ இருக்கிறது, பிள்ளை” என்றார். கிராண்ட் மார்னியே இல்லை, குவான்த்ரோ; அதுவும் ஆரஞ்சு லிக்கோர்தான். பெயரைச் சரியாகச் சொன்னார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். கீழே பொடி எழுத்தில் இருந்தது.

தட்டில் வைத்து, மேலே ஒரு காகிதக் கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டுத் தேநீர் கேட்டார். அப்புறம் அவர் அந்த மேசைப் பக்கமே வரவில்லை. பின்னால் எழுதியதை முன்னால் எழுதியிருந்தால் என்ன என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கிராம்_கணக்கு

முதல் பதிவு அருமை. இரண்டாவதுக்கு ஒரு மாற்றுக் கருத்து. 250 கிராம் க்ரீமுக்கு லிக்கோர் 20 கிராம் போடுவோம். அதில் முப்பது மக்கரோன் நிரப்பலாம். ஒன்றுக்கு ஒரு மில்லிகூட வராது. அதிலும் ஆல்கஹால் 40 சதவீதம்தான். இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் அக்கா.

என் அனுபவம் சின்னது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் பிரெஞ்சு மெரெங்கில் (வெள்ளைக் கருவில் சீனியை அப்படியே போட்டு அடிப்பது) என் ஓடுகள் உள்ளே வெற்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் இத்தாலிய மெரெங்குக்கு (சூடான சீனிப் பாகை ஊற்றி அடிப்பது) மாறினேன். ஓவன் கண்ணாடி வழியே பார்க்கிறேன், தட்டு முழுக்க ஒரே சமயத்தில் பாதம் எழும்புகிறது. தரையில் உட்கார்ந்து முழுதும் பார்த்தேன்.

எல்லோரும் இத்தாலிய முறைக்கே மாறிவிடுங்கள் என்பேன். பாதாம் பொடி 150 கிராம், ஐசிங் சுகர் 150 கிராம், இரண்டையும் சேர்த்துச் சலித்து 55 கிராம் வெள்ளைக் கருவில் பிசைந்து வையுங்கள். இன்னொரு 55 கிராம் வெள்ளைக் கருவை அடிக்க வேண்டும். சீனி 150 கிராமையும் தண்ணீர் 40 கிராமையும் அடுப்பில் ஏற்றி, பாகு 115 டிகிரி தொடும்போது வெள்ளைக் கருவை அடிக்கத் தொடங்கி, 118-ல் பாகை மெல்லிய தாரையாக விடுங்கள். தாரை அடிக்கும் கம்பியில் படக்கூடாது, பட்டால் சீனி நூல் நூலாகக் கிண்ணத்தில் ஒட்டும். கிண்ணம் கைச்சூடு அளவுக்கு ஆறும்வரை அடித்து, பாதாம் கலவையில் மூன்று தடவையாகச் சேருங்கள். கரண்டியைத் தூக்கினால் நாடா மாதிரி விழ வேண்டும், விழுந்த தடம் மெல்ல அடங்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட வேண்டாம். முட்டையை எண்ணிப் போடாதீர்கள், தராசில் வையுங்கள். ஒரு முட்டையில் வெள்ளைக் கரு ஏறக்குறைய 30 கிராம், ஆனால் முட்டைக்கு முட்டை மாறும். வெப்பமானி வாங்கத் தயங்க வேண்டாம். ஓவனில் எழுதியிருக்கும் சூட்டை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி தொங்கவிடுங்கள். 150 என்று வைத்தால் 170 காட்டுகிற ஓவன்கள் உண்டு. அடித்தட்டு கனமாக இருக்கட்டும், முடிந்தால் இரண்டு தட்டை ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள்.

லியோன்_வாசகி

தம்பி, மெரெங் பற்றி நான் கேட்கவில்லையே. மில்லிக் கணக்கும் அவருக்கு உதவாது. இது போதை ஏறுவது பற்றியது இல்லை, அந்த வாசனை பற்றியது. அவர் வாயில் வைக்கவே இல்லை, மூக்கிலேயே நின்றுவிட்டார். கேக்கில் ஊற்றினாலாவது ஓவனில் கொஞ்சம் ஆவியாகப் போகும், அதுவும் முழுதாகப் போகாது. இங்கே க்ரீம் அடித்து முடித்த பிறகுதான் லிக்கோர் சேர்க்கிறோம். அடுப்பே காணாது, ஊற்றியது அப்படியே இருக்கும்.

மாந்தோன்_பக்கம்

லியோன் அக்கா சொல்வதுதான் சரி. வாசனைக்காகத்தானே அதைச் சூட்டில் சேர்க்காமல் கடைசியில் சேர்க்கிறோம். நமக்குக் கிடைக்கிற வாசனை அவருக்கும் கிடைக்கத்தானே செய்யும்.

என் கதை தெற்கு பிரான்ஸில் கடலோர ஊரான மாந்தோனில். பிப்ரவரி, எலுமிச்சை விழா சமயம். ஊரே மஞ்சள். ஒரு சின்னக் கடையில் எலுமிச்சை லிக்கோர் க்ரீம் வைத்த மக்கரோன் இரண்டு தட்டு இருந்தது. ஒரு தட்டில் நிறைய, இன்னொன்றில் ஏழெட்டு. நிறைய இருந்ததைக் காட்டிக் கேட்டேன். கடைக்கார அம்மா தலையாட்டினார். “அது இன்று காலை நிரப்பியது. நாளைக்கு வாருங்கள்.” நாளைக்கு எனக்கு ரயில் என்றேன். “அப்படியானால் இந்தப் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மிச்சமிருந்த ஏழெட்டில் நான்கைப் பெட்டியில் வைத்தார். காசு தருகிறேன், புதியதே கொடுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் தரவில்லை.

எனக்குக் கோபம்தான். கடற்கரையில் உட்கார்ந்து ஒன்றைக் கடித்தேன். மேலே மெல்லிசாக நொறுங்கி, உள்ளே ஓடும் க்ரீமும் எது எது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. எலுமிச்சைத் தோலின் கசப்பு முதலில், இனிப்பு பின்னால், லிக்கோரின் சூடு தொண்டையில் கடைசியாக. க்ரீமின் ஈரம் ஓட்டுக்குள் இறங்க ஒரு நாள் குளிரில் இருக்க வேண்டும் என்று எங்கெங்கோ படித்திருக்கிறேன். விற்க மறுத்த ஒருவரிடம்தான் அது எனக்குப் புரிந்தது. திரும்பிப் போய் நன்றி சொல்லலாம் என்றால் கடை மதிய இடைவேளைக்கு மூடிவிட்டது. அதுதான் உறுத்தல்.

புதுவை_அடுப்பு

உங்களுக்கெல்லாம் பிரான்ஸ் குளிர் இருக்கிறது. எனக்குப் புதுச்சேரி, ஐப்பசி மழை. பிரான்சிலிருந்து வந்த சித்தி கொண்டுவந்த குவான்த்ரோவை வைத்துத் தீபாவளிக்குச் செய்தோம். பிழிந்து வைத்த மாவு வட்டங்கள் சுடப் போகும் முன் அரை மணியில் மேலே தோல் கட்ட வேண்டும் இல்லையா? கட்டவில்லை. ஒரு மணி, இரண்டு மணி. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. வெளியே மழை கொட்டுகிறது, நடுராத்திரி ஆகிவிட்டது. சித்தி ஓவனை 50 டிகிரியில் வைத்து, கதவில் மரக்கரண்டியைச் செருகி லேசாகத் திறந்தபடி தட்டை உள்ளே தள்ளினார். நான் கெட்டுப்போகும் என்று சண்டை போட்டேன். பத்து நிமிஷம் கழித்து வெளியே எடுத்து விரலால் தடவச் சொன்னார். உலர்ந்த, வழுவழுப்பான தோல். அந்த நேரத்தில் இருவரும் கத்திய கத்தலில் தாத்தா எழுந்து வந்துவிட்டார்.

பாரிஸ்_குசினி, பாதாம் விலைக்கு முந்திரிப் பொடி போட்டால் வருமா?

முத்துநகர்_மைந்தன்

முந்திரி என்றதும் வந்துவிட்டேன். எங்கள் தூத்துக்குடி மக்ரூனில் முந்திரி, சீனி, வெள்ளைக் கரு மூன்றுதான். நடுவில் க்ரீமும் இல்லை, லிக்கோரும் இல்லை. ஆனால் அதை வைத்து இதைச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். அது குறைந்த சூட்டில் நெடுநேரம் காய்ந்து முழுக்க மொறுமொறுவென்று ஆக வேண்டிய பண்டம். இது உள்ளே மென்மையாக இருக்க வேண்டியது. முந்திரியை அதிகம் அரைத்தால் எண்ணெய் விட்டுப் பிசுபிசுக்கும், மெரெங் அமுங்கிவிடலாம். தட்டையாகப் பரவலாம், பாதம் எழாமல் போகலாம். பாதாமே போடுங்கள்.

லியோன் அக்காவுக்கு ஒன்று. க்ரீம் இருந்தால்தான் மக்கரோன் என்றில்லை. ஸ்ட்ராஸ்பூருக்கு அவ்வளவு தூரமில்லாத நான்சியில் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்ட கன்னியாஸ்திரிகள் இருவர் செய்து விற்ற மக்கரோன் இன்றும் கிடைக்கிறது. மேலே வெடித்த, நிரப்பாத, வெறும் பாதாம் மக்கரோன். நான் அங்கே படித்த காலத்தில் என் காலை உணவே அதுதான். பெரியப்பாவுக்கு அதை வாங்கிக் கொடுங்கள்.

கிராம்_கணக்கு

அக்கா, மில்லிக் கணக்கு சொன்ன இடம் இது இல்லை என்று புரிகிறது. ஆனால் நான்சி மக்கரோனை இதற்குப் பதில் என்று சொல்வதை ஏற்க மாட்டேன். ஆரஞ்சு க்ரீமுக்கு ஆசைப்பட்டவருக்கு ஆரஞ்சு க்ரீமே கொடுக்கலாமே. கிராண்ட் மார்னியே கசப்பு ஆரஞ்சும் கோன்யாக்கும், குவான்த்ரோ இனிப்பு, கசப்பு இரண்டு ஆரஞ்சுகளின் தோலும். இரண்டிலும் நமக்கு வேண்டியது தோலில் இருக்கிற எண்ணெய்தான். இரண்டு ஆரஞ்சின் தோலைத் துருவி, சீனியோடு விரலால் கசக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். சீனியே ஆரஞ்சு நிறமாகும். சாறு 200 மில்லியை அடுப்பில் வைத்து 50 ஆகச் சுண்டவிடுங்கள்.

லியோன்_வாசகி

இது கேட்காத அறிவுரைதான் தம்பி, ஆனால் இதை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் வருகிறார். சுண்டிய சாற்றை எப்போது சேர்ப்பது? லிக்கோர் மாதிரி கடைசியிலா?

பாரிஸ்_குசினி

பாதி சாற்றை மஞ்சள் கருவோடு சேர்த்து 83 டிகிரி வரை காய்ச்சுங்கள், மீதியைக் கடைசியில். க்ரீம் 40 டிகிரிக்கு இறங்கிய பிறகு வெண்ணெய். கடைசிச் சாறு குளிர்பெட்டியிலிருந்து நேரே வரக்கூடாது, அறைச் சூட்டுக்கு வரட்டும், கரண்டி கரண்டியாக விடுங்கள். ஆரஞ்சுப்பூத் தண்ணீர் இருந்தால் நான்கு சொட்டு, அதற்கு மேல் போட்டால் சோப்பு வாசனை வரும். திரிந்தால் பயப்பட வேண்டாம், டார்ச் இல்லாவிட்டால் கிண்ணத்தை வெந்நீரில் பத்து விநாடி வைத்துவிட்டு அடியுங்கள், சேர்ந்துவிடும். பெட்டியின் மேலேயே “மது இல்லை” என்று பெரிதாக எழுதி வையுங்கள் அக்கா, அவர் எடுக்கும் முன்னால் கண்ணில் படட்டும்.