ஜார்ஜ் கோய்மன்ஸின் கிதாரை நேரில் கேட்டவர்களும் கற்றவர்களும்

2019 நவம்பர் 16 அன்று ராட்டர்டாமின் அஹோய் அரங்கில் நெதர்லாந்தின் ராக் இசைக்குழுவான 'கோல்டன் இயரிங்' வாசித்தபோது நானும் அங்கிருந்தேன். அதுவே அவர்களுடைய கடைசி நிகழ்ச்சியாகிவிடும் என்று எங்களில் யாருக்கும் அன்று தெரியாது. அவர்களுடைய 'ரேடார் லவ்' பாடல் தொடங்கி, ரீனுஸ் கெரிட்சனின் பேஸ் கிதார் மெல்ல உருண்டு வரத் தொடங்கியதும், என் அருகில் அமர்ந்திருந்த நரைத்த தலைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, பாடல் முடியும்வரை முன்வரிசையின் முதுகுச் சாய்வை இரு கைகளாலும் பற்றியபடியே நின்றார். 1961இல் ஹேக் நகரில் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்த ஜார்ஜ் கோய்மன்ஸ், பக்கத்து வீட்டுப் பையனான இதே கெரிட்சனோடு சேர்ந்து தொடங்கிய குழு அது. அறுபதை நெருங்கும் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த இருவரும் ஒரே மேடையில் நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

2021 பிப்ரவரியில் கோய்மன்ஸுக்கு ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் இருப்பதாகச் செய்தி வந்தது. வேறொரு கிதார் கலைஞரை அழைத்துக்கொண்டு தொடர்ந்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாமல் குழுவையே நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன். 2025 ஜூலையில், 77ஆம் வயதில் அவர் காலமானார்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. நான் கோய்மன்ஸை நேரில் பார்த்ததில்லை. கிதார் கற்கும்போது அவருடைய இசை வழியாகத்தான் அறிந்துகொண்டேன். 1973இல் 'மூன்டான்' தொகுப்பில் வந்த 'ரேடார் லவ்' பாடலுக்கு இசை கோய்மன்ஸுடையது, வரிகள் குழுவின் பாடகர் பாரி ஹேயுடையவை. (ஹே நம் நாட்டு ஃபைசாபாத்தில் பிறந்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.) அமெரிக்க வெற்றிப் பாடல் பட்டியலில் 'ரேடார் லவ்' 13ஆம் இடம் வரை சென்றது. நான் தொடக்கத்தில் செய்த தவறு, பாடல் முழுவதும் கிதாரை ஓயாமல் மீட்டியதுதான். எவ்வளவு வேகமாக வாசித்தாலும் அந்தப் பாடலின் ஓட்டம் மட்டும் வரவில்லை. பிறகு ஒருநாள் இரவு காதொலிக் கருவியில் நிதானமாகக் கேட்டபோதுதான், பாடகர் பாடும் இடங்களில் பாட்டை நடத்துவது பேஸும் டிரம்ஸும்தான் என்பதும், கிதார் தனக்குரிய இடம் வரும்வரை ஒதுங்கி நிற்கிறது என்பதும் புரிந்தது. மறுநாள் வலக்கையை நரம்புகளின் மேல் அமர்த்தி, ஒலியை அடக்கி, அந்த இடைவெளிகளை எண்ணத் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் பாட்டு தானாக ஓடியது.

ஆனால் அவருடைய திறமையை அந்த ஒரு பாடலோடு நிறுத்திவிடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. 'எர்த் அண்ட் ஃபயர்' என்னும் இன்னொரு நெதர்லாந்துக் குழுவுக்கு அவர் எழுதிக்கொடுத்த 'சீசன்ஸ்' அக்குழுவின் முதல் வெற்றிப் பாடல். அவரே எழுதிய 'ட்விலைட் சோன்' 1982இல் நெதர்லாந்தில் முதலிடம் பிடித்தது. பின்னர் அமெரிக்காவில் பத்தாம் இடத்தைத் தொட்டு, அங்கே 'ரேடார் லவ்' எட்டிய உயரத்தையும் தாண்டியது. அதில் வரும் பேஸ் பகுதியைத்தான் இப்போது என் மாணவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.