அப்பாவுக்கு எந்த ஸ்டென்ட்? உதவி தேவை

வணக்கம். நாங்கள் திருகோணமலை, உப்புவெளி. அப்பாவுக்கு 63 வயது, 15 வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). போன மாதம் நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வந்தது. கொழும்பில் அஞ்சியோகிராம் (இதய இரத்தக்குழாய்களைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை) செய்ததில் இதயத்தின் முன்பக்க இரத்தக்குழாயில் 80 வீத அடைப்பு. அந்த இடத்தில் குழாயின் அகலம் 2.75 மில்லிமீற்றர். இரண்டு வாரத்தில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைத்திருக்கும் சிறிய கம்பிவலைக் குழாய்) வைக்க வேண்டும்.

சையன்ஸ் (Xience), ஒர்சிரோ (Orsiro) என இரண்டு ஸ்டென்ட் வகைகளைச் சொன்னார்கள். இரண்டுமே மருந்து பூசியவை. சையன்ஸின் கம்பித் தடிப்பு 81 மைக்ரோன், மருந்தைத் தாங்கும் பூச்சு நிரந்தரம். இந்த அளவு ஒர்சிரோவில் தடிப்பு 60 தான், மருந்தைத் தாங்கும் பூச்சும் காலப்போக்கில் கரைந்துவிடும்.

டொக்டரிடம் கேட்டேன், இரண்டும் நல்லது என்றார். தாதியாக வேலை செய்யும் மச்சாளும் அதையே சொன்னார். சரி என்று நானே ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். 2017இல் வந்த பயோஃப்ளோ 5 ஆய்வில் 1,334 பேர். ஒரு வருடத்தில் ஸ்டென்ட் வைத்த இடத்தில் பிரச்சினை வந்தவர்கள் ஒர்சிரோவில் சுமார் 6 வீதம், சையன்ஸில் சுமார் 10. மனம் ஒர்சிரோ பக்கம் போனது. அப்புறம் சுவிட்சர்லாந்தின் பயோசயன்ஸ் ஆய்வைப் பார்த்தால், ஐந்து வருட முடிவில் இரண்டும் கிட்டத்தட்ட 20 வீதம், பெரிய வித்தியாசம் இல்லை! அங்கேதான் நிற்கிறேன். அப்பா இன்னும் பல வருடம் இருக்க வேண்டும். ஒரு வருடக் கணக்கு எனக்குப் போதாது.

இதயநோய்ப் பிரிவில் வேலை செய்பவர்களே, நீரிழிவு உள்ளவர்களை மட்டும் பிரித்து, இந்த இரண்டு ஸ்டென்ட்களையும் மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பிட்ட முடிவுகள் என்ன சொல்கின்றன?